அக்காவின் பெட்டியில் ஆறாவது கட்டம்

என் அக்காவுக்குத் தொண்ணூற்றிரண்டு வயது. நல்லூரில் தன் சீதன வீட்டில் இருக்கிறார். அவருடைய கணவர், எங்கள் அத்தான், இறந்து பதினேழு வருடங்களாகின்றன. மகனும் மகளும் கனடாவில். கோப்பாயிலிருந்து வந்து தங்கியிருக்கும் ஒரு பெண்மணி சமையலையும் மற்ற உதவிகளையும் பார்த்துக்கொள்கிறார். நான் நல்லூருக்குப் பக்கத்திலேயே உள்ள திருநெல்வேலியில் இருக்கிறேன். எனக்கு எழுபத்தொன்பது வயது. அரசாங்கத்தில் படவரைஞனாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன்.

கைத்தொலைபேசி அக்காவுக்குச் சரிவரவில்லை. காய்ந்துபோன விரலால் தொட்டால் அது ஏற்காது. ஏற்றாலும் வேறெங்காவது போய்விடும். ஒருமுறை மகளுக்கு எடுக்கப்போய், காஸ் சிலிண்டர் விற்கும் யாரோ ஒருவரோடு கால் மணி நேரம் கதைத்திருக்கிறார். "நல்ல பிள்ளை. தாய்க்குச் சலரோகமாம்," என்று பிறகு என்னிடம் சொன்னார்.

போன வருடம் மருமகள், அதாவது அக்காவின் மகள், கனடாவிலிருந்து ஒரு பெட்டி அனுப்பினாள். சுவரில் மாட்டும் சாமிப்படம் அளவு இருக்கும். திரையில் ஆறு கட்டங்கள். கட்டத்துக்கு ஒரு முகம், முகத்தின் கீழே பெரிய எழுத்தில் உறவுமுறை. முகத்தில் விரலை வைத்து அமத்தினால் அவர்களுக்கு மணி அடிக்கும். அவர்கள் எடுத்தால் அந்த முகம் திரை முழுவதும் வரும். அந்த ஆறு பேரைத் தவிர வேறு யாரும் அதற்குள் வரமுடியாது. யாரைப் போடுவது, யாரை எடுப்பது என்பதெல்லாம் என் தொலைபேசியில் இருந்தே செய்யவேண்டும். "மாமா, நீங்கள்தான் இதுக்குப் பொறுப்பு," என்றாள் மருமகள்.

மகள், மகன், இரண்டு பேரப்பிள்ளைகள், நான் என ஐந்து பேரைப் போட்டேன். ஆறாவது கட்டத்தில் யாரும் இல்லை. அதில் முகமில்லாத ஒரு சாம்பல் நிறத் தலை மட்டும் இருந்தது.

"உந்த மொட்டை ஆர்?" என்றார் அக்கா.

"ஆருமில்லை அக்கா. வெறும் இடம்."

"வெறும் இடமெண்டால் ஏன் தலை இருக்கு?"

இரண்டு நாள் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள், நான் அழைப்பில் இருந்தபோது சொன்னார்:

"அதிலை மச்சாளைப் போடு."

மச்சாள் என்பது அத்தானின் தங்கை. அக்காவைவிட ஒரு வயது இளையவர். அரியாலையில் மகனோடு இருக்கிறார். பள்ளிக்கூடத்தில் இருவரும் ஒரே வாங்கில் இருந்து படித்தவர்கள். தன் அண்ணனுக்கு என் அக்காவைக் கேட்டுக்கொண்டு எங்கள் வீட்டுக்கு முதலில் வந்ததே அவர்தான். அந்த மச்சாளோடு அக்காவுக்குப் பதினேழு வருடமாகக் கதை இல்லை.

"இப்ப என்னத்துக்கு அவ?" என்று கேட்டேன்.

"ஒரே ஒரு கேள்வி கேக்கவேணும். கூடப்பிறந்தவன் செத்துக் கிடக்கேக்கை ஏன் வரேல்லை எண்டு. அதைக் கேட்டிட்டன் எண்டால் நான் போகலாம்."

"அவையின்ரை நம்பர் என்னட்டை இல்லை அக்கா," என்றேன்.

நம்பர் இருந்தது. மச்சாளின் மகனைச் சந்தையில் அடிக்கடி காண்பேன். மரியாதையான மனிதர். நான் கொடுக்காமல் இருந்ததற்குக் காரணம், அக்காவின் கேள்விக்கு மச்சாள் சொல்லப்போகும் பதில் எனக்குத் தெரியும் என்பதுதான். அந்தப் பதிலில் என் பெயர் இருந்தது.

அத்தான் இறந்தது ஒரு விடியற்காலையில். போரால் வெளியூர்ப் பாதை பூட்டியிருந்த காலம் அது. மாலையானால் ஊரடங்கு. கைத்தொலைபேசிகள் வேலை செய்யவில்லை. பிற்பகல் இரண்டு மணிக்குள் உடலை எடுத்துவிடவேண்டும் என்று முடிவாகியிருந்தது.

எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு அழைப்பார்கள், சாவுக்குச் சொல்வார்கள். செத்தவீட்டு ஆள் ஒருவர் நேரில் போய், முற்றத்தில் நின்று, இன்னார் மோசம் போட்டார் என்று வாய்விட்டுச் சொல்லவேண்டும். சொன்னவர் உள்ளே போய் இருக்கமாட்டார். தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார். போய்வருகிறேன் என்றும் சொல்லாமல் திரும்பிவிடுவார். நெருங்கிய உறவில் ஒருவருக்கு இப்படிச் சொல்லாமல் விட்டால், அவர் வேறு வழியால் கேள்விப்பட்டாலும் வரமாட்டார். ஏன் சொல்லவில்லை என்பது பிறகு வருடக்கணக்காக நிற்கும்.

அக்கா அத்தானின் தலைமாட்டில் இருந்தபடியே என்னைக் கூப்பிட்டார். "மச்சாளுக்கு நீயே போய்ச் சொல்லு. வேறை ஒருத்தரையும் விடாதை."

ஒன்பது மணிக்குச் சைக்கிளில் புறப்பட்டேன். கண்டி வீதியில் சோதனைச் சாவடி. வரிசை நீளமாக இருந்தது. வரிசையின் முன்பக்கத்தில் மச்சாள் வீட்டுக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கும் ஒரு நண்டு வியாபாரியைக் கண்டேன். அவரிடம் விஷயத்தைச் சொல்லி, போனவுடன் மச்சாளிடம் சொல்லிவிடும்படி கேட்டுக்கொண்டு திரும்பிவிட்டேன். பயத்தில் திரும்பினேன் என்று சொன்னால் அந்தக் காலத்தை அறிந்தவர்கள் நம்புவார்கள். எனக்குப் பயம் இருக்கவில்லை. வெயில் ஏறிவிட்டது. ஐயருக்கும் விறகுக்கும் சொல்லவேண்டியிருந்தது. வரிசையில் நிற்க எனக்குப் பொறுமை இல்லை. அவ்வளவுதான்.

வீட்டுக்கு வந்ததும் அக்கா கேட்டார்.

"சொன்னனியோ?"

"சொன்னனான்."

"நேரிலை கண்டனியோ?"

"முத்தத்திலை நிண்டு சொன்னனான்."

"என்ன சொன்னவ?"

"ஒண்டும் சொல்லேல்லை. தலையை ஆட்டினவ."

சொன்னேன் என்பதோடு நிறுத்தியிருக்கலாம். அந்தத் தலையாட்டலை ஏன் சேர்த்தேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பொய் கொஞ்சம் நிறைவாக இருக்கவேண்டும் என்று நினைத்திருப்பேன் போலும்.

நண்டு வியாபாரிக்கு வழியில் வேறு அலுவல்கள் இருந்தன. மூன்று மணிக்குத்தான் வீட்டுக்குப் போயிருக்கிறார். மச்சாளின் மருமகளிடம் வேலிக்கு மேலால் சொல்லியிருக்கிறார். அப்போது அத்தானுக்குக் கொள்ளி வைத்து ஒரு மணி நேரமாகியிருந்தது. தன் அண்ணனின் சாவைத் தெருவில் போகிறவன் வந்து வேலிக்கு மேலால் சொல்வதா என்று மச்சாள் அன்றிலிருந்து எங்கள் வீட்டுப் பக்கம் திரும்பவில்லை. சொல்லியும் தலையை ஆட்டிவிட்டு வராமல் இருந்தாளே என்று அக்கா எட்டாம் நாள் எட்டுச் செலவுக்கும் அவருக்குச் சொல்லவில்லை, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கும் சொல்லவில்லை. நடந்ததெல்லாம் ஒரு கிழமைக்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. அப்போதே போய் நின்றிருக்கலாம். அக்காவுக்கு நான் சொல்லிவைத்த அந்தத் தலையாட்டல் குறுக்கே நின்றது. பிறகு நாள் போகப் போக, சொல்லாமல் இருப்பதே வசதியாகிவிட்டது.

ஆகவே பெட்டியின் ஆறாவது கட்டத்தை வெறுமையாக விடக்கூடாது என்று நினைத்தேன். என்னிடம் இரண்டாவதாக ஒரு நம்பர் இருந்தது. நல்லூர் முருகன் கோயில் கோபுரத்தின் படம் ஒன்றை எடுத்து, அதற்குப் பின்னால் அந்த நம்பரைப் போட்டுவிட்டேன். மொட்டைத் தலை போய்க் கோபுரம் வந்ததில் அக்காவுக்குச் சந்தோஷம். காலையில் குளித்துவிட்டு வந்து பெட்டிக்கு முன்னால் இருந்து கும்பிட்டுவிட்டு ஒரு தடவை தொடுவார். என் சட்டைப்பையில் மணி அடிக்கும்.

"ஏன்ரா, முருகனை அமத்தினால் நீ வாறாய்?"

"இடம் சும்மா கிடக்குதெண்டு போட்டன் அக்கா."

"அவருக்கும் நீயோ பொறுப்பு?" என்று சிரிப்பார். நானும் சிரிப்பேன். சிரித்தபிறகு மனம் சரியாக இருக்காது.

அக்கா அழைப்பை ஒருநாளும் தானாக முடிக்கமாட்டார். கீழே சிவப்பாக ஒரு வட்டம் இருக்கிறது, அதைத் தொட்டால் முடிந்துவிடும் என்று பலமுறை காட்டிக்கொடுத்தோம். "கதைச்சுக்கொண்டிருக்கிற ஆளின்ரை முகத்திலை அடிக்கிறதோ?" என்பார். எப்போதும் மற்றவர்கள்தான் முடிக்கவேண்டும்.

மச்சாளைப் பற்றி வாரத்துக்கு இரண்டு தடவையாவது கேட்பார். நம்பர் கிடைக்கவில்லை என்பேன். அவர்கள் வீடு மாறிவிட்டார்கள் போல என்பேன். மகனிடம் கேட்டுச் சொல்கிறேன் என்பேன். இப்படி நாலைந்து மாதம் போனது.

ஒருநாள் காலை வழக்கம்போல அழைத்தார். நலம் விசாரித்தார். பிறகு கேட்டார்: "மச்சாளின்ரை மகனைக் கண்டனியோ?"

"இல்லை அக்கா. இந்தக் கிழமை காணேல்லை."

"மூக்கிலையிருந்து கையை எடு."

எனக்கு விளங்கவில்லை.

"சின்னனிலை நீ பொய் சொன்னால் மூக்கைத் தடவுவாய். அம்மா அதைப் பாத்துத்தான் உன்னைப் பிடிக்கிறவ. வீட்டை வாறநேரம் நீ என்ரை குருட்டுக் கண் பக்கமாக இருக்கிறாய், எனக்கு ஒண்டும் தெரியிறேல்லை. இந்தப் பெட்டியிலை உன்ரை மூக்குச் சுளகு மாதிரித் தெரியுது. மச்சாளெண்டு நான் வாயெடுத்தால் உன்ரை கை மேலை போகுது. எத்தினை மாசமாப் பாத்துக்கொண்டிருக்கிறன். என்னடா செய்தனி?"

அப்போதும் நான் சைக்கிளை எடுத்துக்கொண்டு நேரில் போயிருக்கவேண்டும். போகவில்லை. பெட்டிக்குள்ளாலேயே எல்லாவற்றையும் சொன்னேன். வரிசை, நண்டு வியாபாரி, மூன்று மணி, வேலி. தலையாட்டினது நான் கட்டிச் சொன்னது என்றும் சொன்னேன்.

அக்கா அழவில்லை. ஏசவும் இல்லை. முகம் திரைக்குக் கிட்ட வந்தது. ஒரு விரல் பெரிதாகத் தெரிந்தது. திரை இருண்டது. சிவப்பு வட்டம் எங்கே இருக்கிறது என்று அவருக்கு எப்போதும் தெரிந்திருக்கிறது.

அடுத்த நாள் நல்லூருக்குப் போனேன். உதவிக்கு நிற்கும் பெண்மணி கேற்றடியிலேயே நின்று சொன்னார்: "அம்மா நித்திரையாம். நித்திரை எண்டு உங்களுக்குச் சொல்லட்டாம்." அவருக்குப் பின்னால், விறாந்தையில், அக்கா கதிரையில் நிமிர்ந்து இருப்பது எனக்குத் தெரிந்தது. திரும்பிவிட்டேன்.

நாலாம் நாள் இரண்டாவது நம்பரில் மணி அடித்தது. கோபுரம்.

"முருகனைத்தான் அமத்தினனான். உன்ரை படத்தைத் தொட மனம் வரேல்லை," என்றார். "நாளைக்குக் காலமை அரியாலைக்குப் போ. சொல்லாமல் விட்டதைச் சொல்லு."

"இப்ப போய்ச் சாவு சொல்லுறதோ அக்கா?"

"ஏன், அவர் எழும்பி வந்திட்டாரோ?"

அடுத்த நாள் சைக்கிளில் போனேன். சோதனைச் சாவடி இருந்த இடத்தில் இப்போது ஒரு பழக்கடை இருக்கிறது. மச்சாளின் மகன்தான் கேற்றைத் திறந்தார். அவருக்கும் அறுபத்தைந்து வயதிருக்கும். "வாங்கோ சித்தப்பா, உள்ளை வாங்கோ," என்று கதிரையை இழுத்தார். நான் முற்றத்திலேயே நின்றேன். நான் நின்ற விதத்தைப் பார்த்து அவர் முகம் மாறிவிட்டது. "ஐயோ, மாமியோ?" என்றார்.

"இல்லைத் தம்பி. மாமி சுகமா இருக்கிறா. அம்மாவைக் கூப்பிடுங்கோ."

மச்சாள் வாசலில் வந்து நின்றார். இன்னும் சிறுத்திருந்தார். ஒரு கையால் நிலையைப் பிடித்திருந்தார். நான் சொல்ல ஆயத்தப்படுத்தியிருந்ததைச் சொன்னேன்.

"மச்சாள், அத்தான் மோசம் போட்டார்."

"என்ன?" என்று காதைக் காட்டினார்.

"கொஞ்சம் சத்தமாச் சொல்லவேணும் சித்தப்பா," என்றார் மகன்.

இன்னொரு தடவை சொன்னேன். கேட்கவில்லை. மூன்றாவது தடவை கத்திச் சொன்னேன். பக்கத்து மதிலுக்கு மேலால் ஒரு பெண்ணின் தலை எழும்பியது.

"ஆர் ஐயா மோசம்? எப்ப?" என்று கேட்டார்.

பதில் சொல்லாமல் விடமுடியவில்லை. "பதினேழு வருசத்துக்கு முன்னம்," என்றேன். அந்தப் பெண் என்னையும் மச்சாளின் மகனையும் மாறிமாறிப் பார்த்துவிட்டுத் தலையை இறக்கிக்கொண்டார்.

மச்சாளுக்கு இந்தமுறை கேட்டிருந்தது. வாசற்படியில் மெல்ல இருந்தார்.

"அண்டைக்கு நீயோ வரவேண்டியிருந்தது?"

"ஓம் மச்சாள். அக்கா என்னைத்தான் அனுப்பினவ. நான் பாதியிலை திரும்பிப் போனனான். போய்ச் சொன்னதெண்டு பொய் சொன்னனான்."

மச்சாள் கேட்கத் தொடங்கினார். அன்றைக்குக் கேட்டிருக்கவேண்டிய கேள்விகள் எல்லாவற்றையும் ஒவ்வொன்றாகக் கேட்டார்.

"என்ன நேரம் போனது?"

"விடிய நாலரை."

"ஆர் பக்கத்திலை?"

"அக்கா."

"தண்ணி குடிச்சவரோ?"

"ஒரு கரண்டி இறங்கினது. மற்றது இறங்கேல்லை."

"கொள்ளி ஆர் வைச்சது? மகன் அங்கையெல்லோ."

"ஒண்டுவிட்ட தம்பியின்ரை மகன்."

"நான் இஞ்சை மூண்டு கட்டை தூரத்திலை இருக்க," என்று தொடங்கினார் மச்சாளின் மகன். செத்தவருக்கு நேர் மருமகன் அவர். அதை முடிக்காமல் வேறு பக்கம் பார்த்தார். மச்சாள் சொன்ன எதையும்விட அதுதான் எனக்குத் தாங்கமுடியாமல் இருந்தது.

மச்சாள் மகனின் கையைப் பிடித்து எழும்பினார். "கிணத்தடியிலை தண்ணி அள்ளி வை. தலை முழுகவேணும்."

"காலமை குளிச்சனீங்கள்தானே அம்மா. சளி பிடிக்கும்."

"அது எனக்கு. இது அண்ணைக்கு."

நான் போய்வருகிறேன் என்று சொல்லாமல் கேற்றைச் சாத்திவிட்டு வந்தேன்.

பத்து நாளின் பின் மச்சாளின் மகன் தொலைபேசியில் எடுத்தார். "இப்ப வரட்டாம். உள்ளை வந்து இருக்கலாமாம்." போனேன். ஆறாவது கட்டத்துக்கு மச்சாளைப் படம் பிடித்தேன். "பல்லைப் போட்டுக்கொண்டோ, கழட்டிப்போட்டோ?" என்று கேட்டார். போட்டுக்கொண்டு ஒன்று, கழற்றி ஒன்று எடுத்தோம். கழற்றியதுதான் நன்றாக இருந்தது.

அக்காவிடம் காட்டினேன். "கோபுரத்தை எடுத்துப்போட்டு இதைப் போடுறன்," என்றேன்.

"கோபுரம் இருக்கட்டும். உன்ரை படத்தை எடு."

எடுத்தேன்.

முதல் அழைப்பின்போது நான் அக்காவுக்குப் பக்கத்தில் நின்றேன். அரியாலையில் மகன் தன் தொலைபேசியைத் தாயின் முகத்துக்கு நேரே பிடித்திருந்தார்.

"மச்சாள், நான் தெரியிறனோ?" என்றார் அக்கா.

"நாடி மட்டும் தெரியுது. கொஞ்சம் தள்ளியிரும்."

அக்கா தள்ளி இருந்தார்.

"உமக்குத் தலைமயிர் எல்லாம் எங்கை?"

"உமக்குப் பல்லு எங்கை?"

பிறகு மச்சாள் சொன்னார்: "நீர் ஒரு ஆளை அனுப்பிக் கேட்டிருக்கலாம்."

"நீரும் கேட்டிருக்கலாம்."

"ஓம்," என்றார் மச்சாள். பிறகு, "உம்மடை தம்பி நிக்கிறாரோ?"

"நிக்கிறார். கையைப் பின்னாலை கட்டிக்கொண்டு."

"போகச் சொல்லும். நாங்கள் கதைக்கவேணும்."

முற்றத்துக்கு வந்துவிட்டேன். மச்சாளுக்குக் காது கேட்காததால் அக்கா கத்திக்கத்திக் கதைத்தார். என்ன கதைக்கிறார் என்பது தெருவரை கேட்டிருக்கும். நான் கேற்றுக்கு வெளியே போய் நின்றுகொண்டேன்.

இப்போது தினமும் காலை பத்து மணிக்கு இருவரும் கதைக்கிறார்கள். யார் எப்போது அழைத்தார், எவ்வளவு நேரம் என்பதெல்லாம் என் தொலைபேசியில் விழும். மச்சாளின் கட்டத்தில் முக்கால் மணி, ஒரு மணி என்று வரும். கோபுரத்தின் கட்டத்தில் ஒன்றும் வராது. மகளும் மகனும் பத்து மணிக்கு எடுத்தால் அக்கா எடுப்பதில்லை என்று மருமகள் என்னிடம் முறைப்பாடு செய்தாள். நான் ஒன்றும் செய்யமுடியாது என்றேன்.

பின்னேரங்களில் நான் சைக்கிளில் நல்லூருக்குப் போவேன். அக்கா வா என்பார். அவருடைய நல்ல கண்ணின் பக்கமாகக் கதிரையைப் போட்டு இருப்பேன். மருந்து, மழை, கோயில் என்று ஏதாவது கதைப்போம். முன்பெல்லாம் போனவுடன் தேநீர் வரும். அது வருவதில்லை. நானும் கேட்பதில்லை.

போன மாதம் ஒருநாள் பத்தரை மணிக்கு இரண்டாவது நம்பரில் மணி அடித்தது. முதல் மணியிலேயே எடுத்தேன்.

"மச்சாள் எடுக்கேல்லை. மூண்டு தரம் அமத்திப் பாத்திட்டன். மகனும் எடுக்கிறானில்லை," என்றார் அக்கா. "போய்ப் பார்."

"பக்கத்து வீட்டாருக்கு ஒருக்கா அடிச்சுப் பாக்கட்டோ?"

"நீ போ எண்டனான்."

போனேன். என் வயதுக்கு எவ்வளவு வேகமாகப் போகமுடியுமோ அவ்வளவு வேகமாகப் போனேன். கேற் திறந்து கிடந்தது. மகனின் தொலைபேசி விறாந்தையில் சார்ஜில் இருந்தது. அவர் கிணற்றடியில் தண்ணீர் அள்ளி ஊற்றிக்கொண்டிருந்தார். மச்சாள் கல்லில் இருந்தபடி தலை முழுகிக்கொண்டிருந்தார்.

அக்காவுக்கு உடனே எடுத்தேன். மூச்சு வாங்கியது. "அக்கா..." என்றேன்.

"போனிலை சொல்லாதை. வந்து சொல்லு," என்று முடித்துவிட்டார்.

மச்சாளிடம் கத்தி விஷயத்தைச் சொல்லி, அவர் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, திரும்ப நல்லூருக்கு மிதித்தேன். அக்கா விறாந்தைக்கு வந்து, அந்தப் பெண்மணியின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றார். நான் முற்றத்தில் சைக்கிளை விட்டு இறங்காமல், ஒரு காலை ஊன்றிக்கொண்டு சொன்னேன்.

"இருக்கிறா அக்கா. முழுகிக்கொண்டு இருந்தவ."

"நேரிலை கண்டனியோ?"

"கண்டனான்."

"என்ன சொன்னவ?"

"தான் செத்திட்டன் எண்டு கிழவி நினைச்சிட்டாவோ எண்டு கேட்டவ. ஈரத் தலையோடை போன் கதைக்கமாட்டாவாம். நாளைக்குப் பத்து மணிக்காம்."

அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை. கைகளைப் பார்த்தார். இரண்டும் சைக்கிளின் பிடியில் இருந்தன. பிறகு அந்தப் பெண்மணியிடம் திரும்பினார்.

"தேத்தண்ணி போடு பிள்ளை. உவனுக்குச் சீனி குறைச்சு."